மிளகில் வைத்த கத்தி

மட்டாஞ்சேரித் தமிழர்கள் சேர்ந்து நடத்துகிற எங்கள் சங்கம் இந்த வருஷம் மலர் போடுகிறது. அதற்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று செயலாளர் வீட்டுக்கே வந்து கேட்டார். தலைப்பையும் அவரே கொண்டுவந்திருந்தார்: தினமும் மடியில் வைத்துக்கொள்ள, கையைக் கடிக்காத விலையில், பழைய மாதிரி மடக்குக்கத்தி ஒன்று பார்த்து வாங்குவது எப்படி. மலரில் சமையல் இருக்கிறது, ராசிபலன் இருக்கிறது, இது கொஞ்சம் வித்தியாசமாக இருக்கும், லேசாக எழுதுங்கள் அண்ணே என்றார். எழுதுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். லேசாக எழுதுவேன் என்று சொல்லவில்லை.

கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. இப்போதெல்லாம் பெரிய கிடங்குகளில் வாசலிலேயே சோதனை. சொந்தக் கத்தி உள்ளே போகாது. கம்பெனியே மஞ்சள் பிளாஸ்டிக்கில் ஒரு கட்டர் கொடுக்கிறது; விரலை எடுத்தால் அலகு தானாக உள்ளே போய்விடும். நல்ல ஏற்பாடு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது கம்பெனிச் சாமான். சாயந்திரம் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தால், கயிறு அறுக்க, பார்சல் பிரிக்க, கப்பைக்கிழங்குத் தோல் சீவ ஆளுக்கொரு கத்தி வேண்டித்தான் இருக்கிறது. நம் பையன்கள் செல்போனில் வெளிநாட்டுக் கத்தியெல்லாம் பார்க்கிறார்கள். ஒரு மாதச் சம்பளத்தை அதில் போட்டுவிட்டு, கீறல் விழும் என்று அலமாரியில் பூட்டி வைக்கிறார்கள்.

நான் போடிக்காரன். மலையேறி, மூணாறு வழியாக லாரியில் கொச்சிக்கு வந்து இறங்கியபோது எனக்கு மீசை சரியாக முளைக்கவில்லை. வேலையை விட்டபோது அதில் கறுப்பு மிச்சமில்லை. நடுவில் இருந்த காலம் முழுக்க பஜார் ரோட்டில் ஒரே மிளகுக் கிடங்கு. முன்வாசல் தெருவில், பின்வாசல் காயலில். மூட்டையை லாரியில் ஏற்றி இறக்குவது யூனியன் ஆட்கள். பிரிப்பது, சலிப்பது, மறுபடி தைப்பது, அடுக்குவது என்று உள்வேலை எங்களுக்கு. அந்த வேலைக்குக் கத்தி இல்லாதவன் பேனா இல்லாத கிளார்க்.

சரி, கத்திக்கு வருவோம். முதலில் நீளம் பாருங்கள். திறந்த அலகு உங்கள் உள்ளங்கை அகலத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அது வேலைக்காரன் கத்தி என்று போலீஸ்காரர் நம்ப மாட்டார். ஒருமுறை தோப்பும்படிப் பாலத்தில் என்னை நிறுத்தி மடியைத் தடவினார்கள். கத்தியை விரித்துப் பார்த்த ஏட்டு, இதை வைத்து வெங்காயம்கூட நறுக்க முடியாதே என்று சிரித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எனக்கு ரோசம் வந்தது. ஆனால் அந்தக் கேலிதான் நல்ல கத்திக்குக் கிடைக்கிற நற்சான்றிதழ்.

அடுத்தது இரும்பு. எவர்சில்வர் மாதிரி மின்னுகிற அலகு துருப்பிடிக்காது, ஆனால் மழுங்கிவிட்டால் நம் வீட்டுக் கல்லில் சாணை ஏறாது. சாதா இரும்பு அலகு வாசற்படியில் நாலு இழுப்பு இழுத்தால் கூர் வந்துவிடும். கொச்சியில் உப்புக்காற்று, தினம் ஒருமுறை தேங்காயெண்ணெய் துடைக்கச் சோம்பல் என்றால் மட்டும் எவர்சில்வர் வாங்குங்கள். பிறகு அலகை விரித்து, பிடியை ஒரு கையிலும் அலகின் முதுகை மறு கையிலும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆணியில் துளி ஆட்டம் இருந்தாலும் கடைக்காரன் எவ்வளவு இறக்கிக் கொடுத்தாலும் வைத்துவிட்டு வாருங்கள். முனை ஊசியாக இருக்கக் கூடாது. அவசரத்தில் ஊசிமுனை நாம் நினைத்த இடத்தில் நிற்காது. பிடியின் நிறத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

இதெல்லாம் நான் கண்டுபிடித்ததில்லை. பைலி மூப்பன் சொன்னது. உள்வேலைக் கூட்டத்துக்கு அவர்தான் தலைவர், மட்டாஞ்சேரிக்காரர். கால் உடைந்த கண்ணாடியைச் சாக்குநூலால் காதில் கட்டியிருப்பார். குரலை உயர்த்த மாட்டார். பாராட்டவும் மாட்டார். எல்லாவற்றுக்கும் 'ம்' என்பார். அதில் இரண்டு வகை உண்டு. நீட்டிச் சொன்னால் சரி. நறுக்கென்று சொன்னால் அன்றைக்கு முழுக்க நமக்குக் கூட்டுகிற வேலை.

காலையில் கிடங்கு திறந்ததும் சலிக்கிற பெண்கள் உள்ளே போவார்கள். நாங்கள் வாசலில் வரிசையாக நிற்போம். ஒரு வாளித் தண்ணீர் இருக்கும். கையை முக்கி எடுத்து, ஈரக் கட்டைவிரல் நகத்தால் கத்தியைத் திறந்து காட்ட வேண்டும். மழைக்காலத்தில் வியர்வையும் ஈரமுமாக இருக்கிற கையில் திறக்காத கத்தி எதற்கு என்பது அவர் கணக்கு. திறந்ததும் வாங்கி ஆணியை ஆட்டிப் பார்ப்பார். ஒரு சாக்குநூலை நீட்டுவார். ஒரே இழுப்பில் அறுபட வேண்டும். நாங்கள் அவர் முதுகுக்குப் பின்னால் அதை ஆர்.டி.ஓ. ஆபீஸ் என்போம்.

சாக்குப் பிரிப்பதிலும் ஒரு முறை உண்டு. தைத்த வாயில் இடது மூலை முடிச்சை மட்டும் அறுத்து, நூலைச் சரியான பக்கம் இழுத்தால் முழு வாயும் சரசரவென்று பிரிந்துவிடும். சாக்கில் ஒரு கீறல் விழாது. சாக்கைக் கீறுகிறவன் அவருக்குச் சோற்றில் மண் போடுகிறவன் மாதிரி. கிடங்கு முதலாளி சேட்டுக்கு அது காசு. மூப்பனுக்கு மானப் பிரச்சினை.

அவருக்குப் புரியாத ஒரே விஷயம், நாங்கள் கத்தியைக் கொடுத்து வாங்குகிற விதம். உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் ஆட்கள் கத்தியை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு நேராகக் கொடுக்க மாட்டோம். கீழே வைப்போம், அவர் எடுத்துக்கொள்வார். கையில் கொடுத்தால் இருவருக்கும் சண்டை வரும் என்று சின்னதிலிருந்தே சொல்லி வளர்த்திருக்கிறார்கள். மூப்பன் முதலில் சிரித்தார். அப்புறம், கை வெட்டுப்படாமல் இருக்க இதுவும் நல்லதுதான் என்று விட்டுவிட்டார்.

இந்தப் பழக்கத்தில் எங்களில் மிகவும் கறாரானவன் மொக்கராசு. அவனும் போடிதான். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவன், ஆனாலும் நாங்கள் மாப்ளே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். ஒரே அறை, ஒரே அடுப்பு. மற்றவர்களிடம் எப்படியோ, என்னிடம் மட்டும் அவன் மறந்தும் கத்தியைக் கையில் கொடுத்ததில்லை. நமக்குள்ள எதுக்கு மாப்ளே வம்பு என்பான். கூட்டத்திலேயே நல்ல கத்தி அவனுடையது. கறுத்த எருமைக்கொம்புப் பிடி, எண்ணெய் குடித்துக் குடித்துக் கறுத்துப்போன அலகு. வாளித் தண்ணீரில் கை முக்கி அவன் திறக்கும்போது மட்டும் மூப்பனின் 'ம்' இன்னும் கொஞ்சம் நீளும்.

அவன் தம்பி தவசி. அப்பா போனபிறகு, ஊரில் சும்மா திரிகிறான், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லி மொக்கராசுதான் அழைத்துவந்தான். சாக்கு வாய் தைப்பதில் தவசியை யாரும் முந்த முடியாது. ஆனால் மிளகுத் தூசி அவனுக்கு ஒத்துக்கொள்ளாது. நாள் முழுக்க ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டுதான் தைப்பான். கொள்ளைக்காரன் வந்துட்டான் என்று பெண்கள் கேலி செய்வார்கள். பதிலுக்குக் கோணி ஊசியைக் காட்டி மிரட்டுவான்.

அது ஒரு மழைக்காலம். மூட்டை அடுக்கை அட்டி என்போம். தரையில் பலகை போட்டு, அதன் மேல் கூரை உயரத்துக்கு அடுக்கியிருக்கும். சுவரோரம் இருந்த அட்டியின் அடியில் ஒரு பலகை ஈரத்தில் மக்கிப்போயிருந்திருக்கிறது. மேலே மூட்டை இருக்கும்போது அதை யார் பார்க்க முடியும். தவசி அந்த அட்டிக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்து, பிரிந்துபோன மூட்டை ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தான். பெரிதாகச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. யாரோ பெருமூச்சு விட்ட மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தால் அட்டி சுவரில் சாய்ந்து கிடந்தது.

மேலிருந்து மூட்டைகளை இழுக்க ஓடினார்கள். மூப்பன் தடுத்தார். ஒன்றை உருவினால் மிச்சமும் அவன் மேல் இறங்கும் என்று அவருக்குத் தெரிந்தது. கீழே பக்கவாட்டில் ஒரு ஆள் படுத்து நுழைகிற அளவுக்குச் சந்து இருந்தது. நான் ஒல்லி. வயிற்றால் ஊர்ந்து உள்ளே போனேன். என் காலைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே மொக்கராசு வந்தான்.

உள்ளே அரை இருட்டு. முதலில் தவசியின் கை கிடைத்தது. என் விரல்களைப் பிடித்துக்கொண்டான். அவன் மார்பின் மேல் குறுக்கே இரண்டு மூட்டைகள் இறுகிக் கிடந்தன. ஈரத்துண்டு மூக்கில் அப்படியே இருந்தது. பேச முடியவில்லை. நான் வெளியே கத்திச் சொன்னேன். மூப்பன் அன்றைக்குத்தான் குரலை உயர்த்தினார்.

"கீறெடா, சாக்கு போட்டே."

சாக்கு போனால் போகட்டும், கீறு என்கிறார். அந்த மனிதர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததில்தான் விஷயம் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று எனக்கு உறைத்தது. இடது கையை அவன் பிடியிலேயே விட்டுவிட்டு, வலது கையால் என் கத்தியைப் பல்லில் கடித்துத் திறந்தேன். முதல் மூட்டையைக் கீறினேன். மிளகு ஓடியது, மூட்டை தொய்ந்தது. தவசி ஒரு மூச்சு இழுத்தான். எனக்குக் கேட்டது. இரண்டாவது மூட்டையில் பாதி கீறும்போது ஆணி பட்டென்று போய், அலகு தனியாக வந்துவிட்டது. காலையில் மூப்பன் ஆட்டிப் பார்த்து நீட்டி 'ம்' போட்ட கத்திதான் அது.

திரும்பிப் பார்க்க இடமில்லை. கையைப் பின்னால் நீட்டி, "மாப்ளே, கத்தி" என்றேன்.

விரித்த கையோடு காத்திருந்தேன். கையில் எதுவும் விழவில்லை.

"வெச்சுட்டேன் மாப்ளே, எடு" என்றான்.

என் கைக்குப் பக்கத்தில் மிளகின் மேல் வைத்திருக்கிறான். அவன் யோசித்து வைக்கவில்லை. தம்பி உள்ளே கிடக்கிறபோது எவன் யோசிப்பான். கை அதுவாக வைத்துவிட்டது. கீறின மூட்டையிலிருந்து மிளகு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நான் தடவியபோது மிளகுதான் இருந்தது. கறுப்பு மிளகில், அரை இருட்டில், கறுப்புப் பிடி, கறுப்பு அலகு. பறித்தேன். பறிக்கப் பறிக்க மேலிருந்து வந்து மூடியது. கண் எரிந்து ஒன்றும் தெரியவில்லை. வேறு கத்தி, வேறு கத்தி என்று கத்தினேன். தவசியின் விரல்கள் என் இடது கையை இறுக்கிப் பிடித்தன, விட்டன, மறுபடி பிடித்தன. வெளியே யாரோ ஓடினார்கள். இன்னொரு கத்தி சந்து வழியாக உள்ளே வந்து, நான் இரண்டாவது மூட்டையைக் கீறி முடித்தபோது அந்த விரல்களில் ஒன்றுமில்லை.

வெளியே எடுத்துப் படுக்க வைத்தோம். மொக்கராசு மூக்குத்துண்டை அவிழ்த்து, மடித்து, தன் தோளில் போட்டுக்கொண்டான். அவன் எதையும் கேட்பதற்கு முன்னால் மூப்பன் குனிந்து தவசியின் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"இவன் வீழ்ந்தப்போழே போயி. ஆருக்கும் ஒண்ணும் செய்யான் பற்றில்லா."

விழுந்தபோதே உயிர் போய்விட்டது, யாராலும் எதுவும் செய்திருக்க முடியாது. சொல்லிவிட்டுக் கண்ணாடி வழியாக என்னையே பார்த்தார். அந்தப் பார்வையில் கேட்டது எனக்குப் புரிந்தது. நான் தலையாட்டினேன். என் இடது கையை மடிக்குள் வைத்துக்கொண்டேன்.

போடியில் காரியமெல்லாம் முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது மொக்கராசு ஒரே ஒரு தடவை கேட்டான். அவன் விழுந்தப்பவே போயிட்டானா மாப்ளே என்று. ஆமா என்றேன். சரி என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவன் கத்தி பிறகு கிடைத்தது. அந்த மிளகைச் சலித்தபோது சல்லடையில் வந்து நின்றது. சலித்துக்கொண்டிருந்த பெண் கையை எடுத்துக்கொண்டு ஒதுங்கிவிட்டாள். மூப்பன் வந்து எடுத்தார், மடக்கினார், பின்வாசலைத் திறந்து காயலில் வீசினார்.

மொக்கராசு கிடங்குக்கு வரவில்லை. தோப்பும்படியில் ஐஸ் பிளாண்டில் வேலைக்குப் போனான். அறையையும் மாற்றிக்கொண்டான். காரணம் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. எங்காவது கல்யாணத்தில் பார்த்தால் சௌக்கியமா என்பான், சௌக்கியம் என்பேன். ஒரே அடுப்பில் கஞ்சி வைத்துக் குடித்தவர்கள் நாங்கள். எனக்கு அது தவசி போனதைவிடக் குறைந்த துக்கம் என்று சொல்ல மாட்டேன்.

மொக்கராசு கிடங்கை விட்டுக் கொஞ்ச நாள் கழித்துத்தான் மூப்பன் புதுச் சட்டம் போட்டார். கத்தி இனிமேல் கையிலிருந்து கைக்குத்தான். பிடியை முன்னால் நீட்ட வேண்டும். வாங்குகிறவன் 'பிடிச்சாச்சு' என்று சொன்ன பிறகுதான் கொடுக்கிறவன் விட வேண்டும். அவன் இருக்கும்போதே இதைச் சொல்லியிருந்தால் அது அவன் முகத்தில் விரலை நீட்டுவதாகிவிடும் என்று காத்திருந்திருக்கிறார். நம் ஆட்கள் முணுமுணுத்தார்கள். மூப்பன் நறுக்கென்று 'ம்' என்றார். அத்தோடு சரி. நான் ஓய்வு பெறுகிற வரை அந்தக் கிடங்கில் யாரும் கத்தியைக் கீழே வைக்கவில்லை.

இந்த வருஷம் மழை தொடங்குவதற்கு முன்னால் மொக்கராசுவின் மனைவி போன் செய்தாள். நெஞ்சு முழுக்கச் சளி, டாக்டர் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார், இவர் உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார் அண்ணே என்றாள். சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போனேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். எலும்பும் தோலுமாக இருந்தான். மடியிலிருந்த கத்தியை எடுத்து ஒரு பழத்தைச் சீவ ஆரம்பித்தேன். என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ சொன்னது பொய்யின்னு எனக்கு அன்னைக்கே தெரியும் மாப்ளே."

எது பொய் என்றேன்.

"செத்தவனுக்காக எவனும் அப்படிக் கத்தி கேக்க மாட்டான். ரெண்டு நகம் பேந்து போச்சு உனக்கு, மிளகைப் பறிச்சுப் பறிச்சு. நான் பின்னால படுத்துப் பாத்துக்கிட்டுத்தானே கெடந்தேன்."

அப்புறம் ஏன்டா பஸ்ஸில் என்னைக் கேட்டாய் என்று கேட்டேன்.

"நீ என்னை ஒரு அறை விடுவேன்னு பாத்தேன். உன் கையால செத்தான்டான்னு சண்டைக்கு வருவேன்னு பாத்தேன். நீ 'ஆமா'ன்னுட்டே. சண்டை போட்டிருந்தா உன்கூடவே இருந்திருப்பேன் மாப்ளே. நீ பாவம் பாத்துட்டே. அப்புறம் எப்படி உன் மூஞ்சியில முழிக்கிறது."

இத்தனை வருஷம் நான் அவனைக் காப்பாற்றுகிறேன் என்றல்லவா நினைத்திருந்தேன். அவன் கையை நீட்டினான். குடு, நானே சீவறேன் என்றான். என் கத்தியைத் திருப்பி, பிடி அவன் பக்கம் இருக்கிற மாதிரி உள்ளங்கையில் வைத்தேன். விரல்கள் மூடின. அவனுக்கு மூப்பனின் சட்டம் தெரியாது. நானும் சொல்லவில்லை. அவன் சரியாகப் பிடித்துவிட்டானா என்று பார்த்துவிட்டுத்தான் என் கையை எடுத்தேன். சீவ அவனுக்குத் தெம்பு இல்லை. கத்தியை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான்.

கையில் கொடுத்தால் சண்டை வரும் என்பார்கள். எங்களுக்குச் சண்டை போட அதன் பிறகு நாள் இருக்கவில்லை. முதல் மழையிலேயே போய்விட்டான்.

பிடியின் நிறத்தைக் கடைசியில் சொல்கிறேன் என்றேனே. சிவப்பு வாங்குங்கள், மஞ்சள் வாங்குங்கள், வெள்ளெலும்பில் வாங்குங்கள், உங்கள் இஷ்டம். கறுப்பு மட்டும் வேண்டாம்.